ஓட்டுப் போட்ட தேதி, உறைக்கிற தேதி

கேள்வி: ஐயா, நாங்கள் பதினான்கு வருடமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறோம். போன வருடம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் மூன்று வருடத்துக்கு முன் கிரீன் கார்டில் வந்து எங்களோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, இதய நோய் உண்டு. அம்மாவுக்கு 67. முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு ஐந்து வருடம் ஆகவேண்டும் என்பதால், அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் காப்பீடு எடுத்தோம். அரசு உதவித்தொகை போக நாங்கள் கட்டியது மிகச் சொற்பம். 2026 ஜனவரியோடு அந்த உதவி நின்றுவிட்டது. முழு பிரீமியத்தையும் கட்டச் சொல்கிறார்கள். அப்பா, "என்னால் உங்களுக்கு எதற்குப் பாரம், நான் ஊருக்கே போய்விடுகிறேன்" என்கிறார்.

இதற்கு ஓட்டுப் போட்ட காங்கிரஸ் (இங்குள்ள நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்கு வாழ்நாள் முழுக்க இலவச வைத்தியம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. படித்ததும் வயிறு எரிந்தது. அவர்கள் மேல் வழக்குப் போட முடியாதா? அதுவும் முடியாதென்றால், அவர்கள் போடுகிற சட்டத்தின் கீழேயே அவர்களும் காப்பீடு வாங்கவேண்டும் என்று ஒரு சட்டமாவது வரக்கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அப்பாவின் காப்பீட்டைப் பார்த்துவிடுவோம். காங்கிரஸ் எங்கேயும் ஓடிப்போகாது. இதய நோய்க்காரர் காப்பீடு இல்லாமல் ஒரு மாதம் இருப்பதுதான் ஆபத்து.

நடந்தது இதுதான். 2010-இல் வந்த சட்டத்தில், நாம் ஒபாமாகேர் என்று சொல்கிறோமே அதில், ஒரு சின்ன விதிவிலக்கு இருந்தது. பொதுவாக வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மார்க்கெட்பிளேஸ் உதவித்தொகை கிடையாது. அவர்களுக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் இருக்கிறது என்பது கணக்கு. ஆனால் கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு மெடிகெய்டும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் விழுந்துவிடக் கூடாதென்று, அவர்களுக்கு மட்டும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் உதவி கொடுத்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தின் 71302-ஆம் பிரிவு அந்த விதிவிலக்கை எடுத்துவிட்டது. 2026 ஜனவரி முதல் நடைமுறை.

எடுத்தது வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான விதிவிலக்கை மட்டும்தான். கோட்டுக்கு மேலே வருமானம் உள்ள கிரீன் கார்டுக்காரர்கள், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும், இன்னும் உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்களே. 2026 காப்பீட்டுக்கு இரண்டு பேர் குடும்பத்தின் கோடு 21,150 டாலர்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. "அப்பாவுக்கு இங்கே சம்பளம் ஏது?" என்று விண்ணப்பத்தில் பூஜ்யம் போட்டுவிடுகிறோம். ஊரில் வருகிற பென்ஷன், வீட்டு வாடகை, வங்கி வைப்புநிதி வட்டி எல்லாமே வருமானம். கிரீன் கார்டு வாங்கிய நாளிலிருந்து உலகத்தில் எங்கே வரும் வருமானமானாலும் இங்கே வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். உங்கள் அப்பா ஓய்வூதியக்காரரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓய்வூதியம், வாடகை, வட்டி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். கோட்டைத் தாண்டினால், காட்டாமல் விட்ட பழைய வருடங்களுக்கும் சேர்த்து வரிக் கணக்கரிடம் பேசிவிட்டு, மார்க்கெட்பிளேஸ் விண்ணப்பத்தைத் திருத்துங்கள். காப்பீட்டில் இருக்கும்வரை வருமானத் திருத்தம் எந்த மாதத்திலும் செய்யலாம். அப்பா அம்மாவை உங்கள் வரிக் கணக்கில் சார்ந்திருப்பவர்களாகக் காட்டுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். காட்டினால் உங்கள் குடும்ப வருமானமும் சேர்ந்து கணக்கே மாறிவிடும்.

ஆனால் இல்லாத வருமானத்தை எழுதாதீர்கள். முன்பெல்லாம் அளவுக்கு மீறி உதவி வாங்கியிருந்தால், குறைந்த வருமானக்காரர்கள் திருப்பிக் கட்டுவதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. அதே 2025 சட்டம் 2026 வரி ஆண்டிலிருந்து அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. பிரீமியம் கட்டுவதைக் கோபத்தில் நிறுத்திவிடவும் வேண்டாம். கட்டாமல் விட்டுக் காப்பீடு போனால் நடுவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நவம்பரில் அடுத்த சேர்க்கைக் காலம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, இப்போது காங்கிரஸ்.

வாட்ஸ்அப்பில் வந்தது பொய். பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற பொய். காங்கிரஸ் உறுப்பினருக்கு வாழ்நாள் இலவச வைத்தியம் கிடையாது. அவர்களும் பிரீமியம் கட்டுகிறார்கள். மற்ற ஃபெடரல் ஊழியர்களுக்குப் போல, பிரீமியத்தில் பெரும்பகுதியை முதலாளி என்ற முறையில் அரசு ஏற்கிறது. கூடுதலாக, வருடக் கட்டணம் கட்டினால் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே இருக்கும் மருத்துவர் அலுவலகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. இலவசம் இல்லை.

நீங்கள் கேட்கிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2009-இல் காங்கிரஸின் மேல்சபையான செனட்டின் நிதிக் குழுவில் ஒபாமாகேர் மசோதா விவாதத்தில் இருந்தபோது, அயோவா செனட்டர் சக் கிராஸ்லி, குடியரசுக் கட்சிக்காரர், ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மக்களை அனுப்புகிற சந்தைக்கு நாமும் போவோம் என்பதுதான் அதன் சாரம். அது சட்டத்திலும் ஏறியது. 2014 முதல் உறுப்பினர்களும் அவர்களுடைய அலுவலக ஊழியர்களும் பழைய ஃபெடரல் ஊழியர் திட்டத்தை விட்டு, வாஷிங்டன் நகரத்தின் காப்பீட்டுச் சந்தைக்குப் போனார்கள். போனதும் ஒரு சிக்கல். அரசு கட்டிவந்த முதலாளிப் பங்கு தொடருமா என்று சட்டம் சொல்லவில்லை. ஃபெடரல் பணியாளர் அலுவலகம் 2013-இல் ஒரு விதி போட்டுத் தொடரும் என்றது. ஆக, போனது சந்தைக்குத்தான். ஆனால் சிறு நிறுவனங்களுக்கான வாசல் வழியாக, முதலாளிப் பங்கோடு, அதுவும் 'தங்கம்' என்று பெயரிட்ட உயர்தரத் திட்டங்களில். கடைக்காரரும் டாக்ஸி ஓட்டுநரும் நுழைகிற வாசல் வேறு.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர்களும் அதே சந்தையில் இருப்பதால் உங்கள் அப்பாவுக்கு ஏதாவது நடந்ததா? அதனால்தான் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 170,000-க்கு மேல் டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு வலிக்கிற பிரீமியம் வேறு, பென்ஷன்காரருக்கு வலிக்கிற பிரீமியம் வேறு.

இன்னும் ஒரு சம்பவம். 2017 மே 4. ஒபாமாகேரை மாற்றும் மசோதா அன்று கீழ்சபையான பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. சில காப்பீட்டுப் பாதுகாப்புகளை மாநிலங்கள் தளர்த்திக்கொள்ளலாம் என்று அதில் ஒரு திருத்தம். அந்தத் தளர்வு காங்கிரஸ் உறுப்பினர்களின் காப்பீட்டைத் தொடாது என்றும் அதிலேயே ஒரு வரி இருந்தது. வெளியே தெரிந்ததும் ஒரே கூச்சல். உடனே அந்த விலக்கை நீக்க ஒரு தனி மசோதா கொண்டுவந்தார்கள். ஓட்டு 429-க்கு 0. ஒருவர்கூட எதிர்க்கவில்லை! அதே நாளில் பிரதான மசோதா 217-க்கு 213 என்று மயிரிழையில் நிறைவேறியது. அதன் இறுதி வடிவத்தால் எத்தனை பேர் காப்பீடு இழப்பார்கள் என்ற காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் கணக்கு வருவதற்கு முன்பே ஓட்டு முடிந்துவிட்டது. கணக்கு மே 24 அன்று வந்தது: 2026-க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 2 கோடியே 30 லட்சம் பேர் அதிகமாவார்கள். பிறகு ஜூலையில் செனட்டில் அந்த முயற்சி தோற்றது என்பது வேறு கதை. "எங்களுக்கும் பொருந்தும்" என்பதற்கு 429 பேர் கை தூக்குகிறார்கள் என்றால், அதனால் அவர்களுக்குப் பெரிய சேதாரம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

வழக்குப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடியாது. அரசியல் சாசனத்தின் முதல் பிரிவே, சபையில் பேசியதற்கும் ஓட்டுப் போட்டதற்கும் உறுப்பினர்களை வேறெங்கும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம், அதற்கு ஓட்டுப் போட்டவர் மேல் முடியாது. சட்டத்தை எதிர்ப்பதற்கும் உங்களுக்கு நேரடியான பாதிப்பு இருக்கவேண்டும். மேலே சொன்ன முதலாளிப் பங்கு விதியை எதிர்த்து விஸ்கான்சின் செனட்டர் ரான் ஜான்சன் 2014-இல் வழக்குப் போட்டார். உங்களுக்கு என்ன நஷ்டம், சலுகைதானே கிடைத்தது என்று சொல்லி நீதிமன்றம் அனுப்பிவிட்டது. மேல்முறையீட்டிலும் அதே கதி. செனட்டருக்கே இந்த மரியாதைதான்.

அப்படியானால் எதைப் பிடிப்பது? இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் மருத்துவக் காப்பீட்டு வழக்குகளைப் பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. ஒரு சுகாதாரச் சட்டம் வந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் தலைப்பையோ தலைவர்கள் பேச்சையோ அல்ல. ஒவ்வொரு பிரிவின் கடைசியிலும் "இது இன்ன தேதிக்குப் பிறகு பொருந்தும்" என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் பார்ப்பேன். பொறுப்பிலிருந்து தப்பிக்கிற வழி அந்த வரியில்தான் இருக்கிறது.

அந்த 2025 சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ஸுக்கு வரிக் கழிவு, 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக 6,000 டாலர் கழிவு: இவை 2025 வருமானத்திலிருந்தே. மெடிகெய்ட் விரிவாக்கத்தில், அதாவது ஒபாமாகேர் மூலம் புதிதாக மெடிகெய்டில் சேர்ந்தவர்களில், இருக்கும் பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு இணையானதோ செய்ததாகக் காட்டவேண்டும் என்ற நிபந்தனை: மாநிலங்கள் 2027 ஜனவரி 1-க்குள் தொடங்கினால் போதும். மாநிலங்கள் மெடிகெய்டுக்குப் பணம் திரட்ட மருத்துவமனைகளிடம் வசூலிக்கிற வரியைக் குறைக்கும் ஏற்பாடு, அதாவது மெடிகெய்டுக்கு வரும் பணம் குறையும்: 2028 நிதியாண்டிலிருந்து. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் காங்கிரஸ் தேர்தல் எப்போது? 2026 நவம்பர் 3. கசப்பு மருந்து தேர்தலுக்கு அந்தப் பக்கம், கற்கண்டு இந்தப் பக்கம்.

உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கான வெட்டு எப்போது வந்தது? 2026 ஜனவரியில், தேர்தலுக்குப் பத்து மாதம் முன்பே. ஓட்டு இல்லாத, ஏழை, வந்து ஐந்து வருடம் ஆகாத முதியவர்கள். இவர்களுக்கு வலித்தால் எந்தத் தொகுதியிலும் ஓர் ஓட்டும் குறையாது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கும் மார்க்கெட்பிளேஸ் உதவி போகிறது, அது 2027-இலிருந்து. அவர்களுக்கும்தான் ஓட்டு இல்லை, பின் ஏன் தேதி பின்னால் என்று கேட்பீர்கள். எல்லாத் தேதிக்கும் சதி காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வரவு செலவுக் கணக்கும் நிர்வாகக் காரணங்களும் உண்டு. ஆனாலும் ஓட்டுள்ளவர்களைத் தொடுகிற பெரிய வெட்டுகள் எந்தப் பக்கம் போய் விழுந்தன என்று பாருங்கள்.

ஒரே கட்சியின் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒபாமாகேரிலும் இதே விளையாட்டு. 26 வயது வரை பிள்ளைகளைப் பெற்றோரின் காப்பீட்டில் வைத்துக்கொள்ளும் சலுகை 2010 செப்டம்பரில், அந்த வருட காங்கிரஸ் தேர்தலுக்கு முன் வந்தது. விலை உயர்ந்த அலுவலகக் காப்பீடுகளுக்கு 40 சதவீத வரி 2018-இல் தொடங்குவதாக எழுதினார்கள். அதை 2020-க்குத் தள்ளினார்கள், பிறகு 2022-க்கு, கடைசியில் 2019 டிசம்பரில் ரத்தே செய்துவிட்டார்கள். ஒரு சென்ட்கூட வசூலாகாத வரி அது. அப்புறம், 2021-இல் உயர்த்தி 2022-இல் நீட்டித்த கூடுதல் பிரீமியம் உதவி. அது 2025 இறுதியோடு முடியும் என்று கொண்டுவந்தவர்களே எழுதிவைத்தார்கள். நிரந்தரமாக்கினால் பத்து வருடக் கணக்கில் செலவு பெரிதாகத் தெரியும், மூன்று வருடம் என்றால் சின்னதாகத் தெரியும். அதனால் 2026 ஜனவரியில் பிரீமியம் ஏறிய அதிர்ச்சியில், நீட்டிக்காதவர்களுக்கு ஒரு பங்கு என்றால், முடிவுத் தேதி எழுதியவர்களுக்கும் ஒரு பங்கு.

இந்தத் தேதிக் கலையை அவர்கள் சூடுபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். 1988-இல் மெடிகேருக்கு ஒரு பெரிய விரிவாக்கம் வந்தது. பெரும் நோய்ச் செலவுக்குப் பாதுகாப்பு, மருந்துச் செலவுக்கு உதவி. அதிபர் ரெய்கன் கையெழுத்திட்டார், இரண்டு கட்சியும் ஆதரவு. செலவை முதியவர்களே ஏற்கவேண்டும் என்று, வசதியுள்ளவர்களிடம் வருமான வரியோடு சேர்த்து முதல் வருடம் ஆளுக்கு 800 டாலர் வரை கூடுதல் கட்டணம் வைத்தார்கள். கட்டணம் 1989-இலேயே வந்துவிட்டது. மருந்து உதவி 1991-இல்தான் தொடங்கவேண்டும். பில் முன்னால், சாப்பாடு பின்னால். பழைய கம்பெனி மூலம் ஏற்கெனவே நல்ல காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு இது தண்டம் மாதிரி இருந்தது. 1989 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் டான் ரோஸ்டென்கோவ்ஸ்கி சிகாகோவில் தன் தொகுதிக்குப் போனார். முதியவர்கள் கூச்சல் போட்டபடி அவர் காரை மறித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர் காரை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தப்பித்தார். டிவியில் நாடே பார்த்தது. அந்த வருடம் முடிவதற்குள் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்துவிட்டார்கள்.

முதியவர்கள் செய்தது சரியா என்றால் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கட்டணம் போனதோடு மருந்து உதவியும் போனது. அது திரும்ப வர 2006 ஆயிற்று. ஆனால் வலித்த நாளும் ஓட்டுப் போட்டவர் முகமும் அருகருகே இருந்ததால் அன்று பதில் சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்த இரண்டையும் அருகில் வைப்பதில்லை.

2006-இல் வந்த அந்த மருந்துத் திட்டத்துக்கு ஓட்டெடுப்பு நடந்தது 2003 நவம்பர் 22, அதிகாலை. வழக்கமாக 15 நிமிடத்தில் முடியும் ஓட்டெடுப்பை, எண்ணிக்கை போதவில்லை என்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்திருந்தார்கள். 220-க்கு 215. மருந்து விலையை மெடிகேர் பேரம் பேசக்கூடாது என்று அதில் ஒரு விதி. அந்த மசோதாவை நகர்த்திய முக்கியக் குழுத் தலைவர்களில் ஒருவரான பில்லி டாசின் 2005-இல் காங்கிரஸை விட்டதும் நேராக மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரானார். பேரத் தடை தளர்ந்தது 2022-இல். பேரம் பேசிய விலை முதல் பத்து மருந்துகளுக்கு நடைமுறைக்கு வந்தது 2026 ஜனவரியில். 2003-இல் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், போய்க் கேட்க?

ஆகவே உங்களுக்கு என் யோசனை: இந்தத் தேதிகளை மறுபடி ஒட்டவைக்கிற வேலையைச் செய்யுங்கள். இதற்குப் பணமோ கட்சியோ வேண்டாம்.

காங்கிரஸின் இணையதளத்தில் அந்தச் சட்டத்தின் எண்ணைப் போட்டால், அதாவது 119-ஆவது காங்கிரஸ், எச்.ஆர். 1, யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பெயர் பெயராக இருக்கும். செனட்டில் 2025 ஜூலை 1 அன்று 51-க்கு 50, துணை அதிபரின் ஓட்டோடு. சபையில் ஜூலை 3 அன்று 218-க்கு 214. உங்கள் பிரதிநிதி, இரண்டு செனட்டர்கள், மூன்று பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். உதவித்தொகைப் பிரிவுகள் சபையின் வரிக் குழுவிலும் மெடிகெய்ட் பிரிவுகள் எரிசக்தி வணிகக் குழுவிலும் உருவானவை. உங்கள் பிரதிநிதி அந்தக் குழுக்களில் இருந்தால் அங்கே அவர் திருத்தங்களுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது கடைசி ஓட்டைவிட உண்மையானது. கடைசி ஓட்டில், "மொத்தத்தில் நல்ல சட்டம், ஒரு சில பிரிவு எனக்கும் பிடிக்கவில்லை" என்று நழுவ இடம் இருக்கிறது. சில நேரம் அது நியாயமான பதிலும்கூட. 2020 டிசம்பரில், 5,593 பக்க மசோதா ஒன்று மதியம் வெளியாகி அன்றிரவே நிறைவேறியது. எதிர்பாராத மருத்துவ பில்களிலிருந்து இன்று நம்மைக் காக்கிற சட்டம் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. நல்லதும் அப்படித்தான் வருகிறது, கெட்டதும் அப்படித்தான் வருகிறது.

குழுவிலோ சபையிலோ "ஆம் என்போர், இல்லை என்போர்" என்று குரல் ஓட்டில் முடிந்திருந்தால் பெயர்ப் பதிவே இருக்காது. ஓட்டே இல்லாமல் போவதும் உண்டு. உங்கள் ஒஹாயோவிலேயே 2013-இல் மெடிகெய்ட் விரிவாக்கம் சட்டமன்றத்தின் முழு ஓட்டுக்குப் போகவில்லை. ஆளுநர் ஜான் கேசிக் ஏழு பேர் கொண்ட ஒரு கட்டுப்பாட்டு வாரியம் வழியாக, 5-க்கு 2 என்று முடித்தார். அதனால் பல லட்சம் பேருக்கு நன்மை, நானும் வரவேற்றேன். ஆனால் நாளைக்கு அதே வழியில் ஒருவர் எடுத்தால் யாரைக் கேட்பது என்ற உறுத்தல் எனக்கு அப்போதே இருந்தது.

பிறகு, பிரதிநிதியின் தொகுதி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். வாஷிங்டனுக்கு அனுப்புகிற அச்சடித்த மின்னஞ்சலுக்கு அச்சடித்த பதில்தான் வரும். ஒரு முறை ஒரு தொகுதி அலுவலகத்தில் காத்திருந்தபோது ஊழியர் குறித்துக்கொண்டிருந்த தாளைப் பார்த்தேன். பொருள், ஆதரவா எதிர்ப்பா, அஞ்சல் குறியீடு. மூன்றே கட்டம். ஒருவர் இருபது நிமிடம் கொட்டித் தீர்த்த கதை அதில் "சுகாதாரம், எதிர்ப்பு" என்று இரண்டு வார்த்தையாக ஏறியது. அதனால் தாளில் அடங்காத, ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியைக் கொண்டுபோங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் உங்களுக்கு ஒரு சொற்பொழிவு கிடைக்கும். "71302-ஆம் பிரிவு எடுத்துவிட்ட விதிவிலக்கைத் திரும்பக் கொடுக்கும் மசோதா வந்தால் உறுப்பினர் ஆதரிப்பாரா, மாட்டாரா? எழுத்தில் வேண்டும்" என்று கேளுங்கள். மாட்டார் என்று வந்தாலும் அது பதில்தான். பதிலே வராவிட்டால், கேட்ட தேதியை எழுதிவைத்துக்கொண்டு, பொதுக்கூட்டத்தில் அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வருவார்கள்; தேர்தல் வருடத்தில் நிச்சயம் வருவார்கள்.

உங்களோடு இன்னும் நாலு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு போனால் நல்லது. நம் ஆட்கள் மட்டும் போகாதீர்கள். கிரீன் கார்டு முதியவர்கள் பிலிப்பைன்ஸ், வியட்நாம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், 2027-இல் 80 மணி நேரக் கணக்குக் காட்டப்போகிற உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, வலி இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டில் வலி வந்துவிட்டது, ஒரே ஓர் ஓட்டுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த 80 மணி நேரத்தை எந்தப் படிவத்தில், எத்தனை நாளைக்குள், யாரிடம் காட்டவேண்டும் என்பதில் மாநிலத்துக்கும் கை உண்டு. அதனால் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரையும் விடாதீர்கள். அவர் வாஷிங்டனைக் காட்டுவார், வாஷிங்டன் அவரைக் காட்டும். யார் எதற்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் அந்தப் பந்தாட்டம் நடக்காது.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பீர்கள். தாராளமாகப் போகலாம். குடியுரிமை இல்லாதவரும் பிரதிநிதியிடம் மனுக் கொடுக்கலாம், பொதுக்கூட்டத்தில் பேசலாம், அவர்கள் அலுவலகத்தில் உதவியும் கேட்கலாம். மார்க்கெட்பிளேஸ் விண்ணப்பத்தில் ஏதாவது சிக்கினால் தொகுதி அலுவலகத்தின் உதவியாளர் மூலம் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்பா ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. உணர்ச்சிவேகத்தில் யாராவது வாக்காளர் பதிவுத் தாளை நீட்டினால் அப்பாவும் அம்மாவும் அதைத் தொடவே கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கிற இடத்தில் தெரியாமல் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டுப் பிறகு குடியுரிமை விண்ணப்பத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், எழுபது வயதில் கண்ணீர் விட்டார்கள்.

அப்பாவின் பென்ஷன், வாடகை, வட்டி விவரங்களை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். கூட்டி வந்த தொகை 21,150-க்கு மேலா கீழா என்று எழுதுங்கள், அதை வைத்து அடுத்த படியைச் சொல்கிறேன். கீழே என்றால், வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிற சமூக சுகாதார மையம் உங்கள் ஊர்ப்பக்கம் எது என்று பார்த்துவையுங்கள்; கிரீன் கார்டு உள்ளவரைக் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அங்கே திருப்பி அனுப்ப மாட்டார்கள். மாத்திரைகளும் வழக்கமான பரிசோதனையும் அங்கே நடக்கும், இதயச் சிகிச்சைக்கு அது ஈடாகாது. அதுவரை விமான டிக்கெட் எதுவும் பார்க்கவேண்டாம் என்று நான் சொன்னதாக அப்பாவிடம் சொல்லுங்கள்.